என் மனுவில் என் பெயர்தான் குற்றமா?

மலேசியாவில் பத்து பகாட் என்றாலே தையல் ஃபேக்டரிதான். லைன் லைனாக உட்கார்ந்து தைப்பது பெண்கள். மெஷின் நின்றுவிட்டால் அதைத் திறந்து பார்க்க மட்டும் ஆம்பளை வரவேண்டும்! யார் எழுதிவைத்த சட்டம் இது?

ஓவர்லாக்கில் தையல் விட்டுவிட்டு விழுந்தால் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். மூடியைத் திறந்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, ஊசி மேலேறும்போது லூப்பர் முனை அதில் இடிக்காமல் பின்னால் கடக்கிறதா என்று பார்த்துத் திருகை இறுக்குவேன். மெக்கானிக் வந்து சேர்வதற்குள் லைன் ஓடிக்கொண்டிருக்கும். தொழிற்பயிற்சிச் சான்றிதழும் வைத்திருக்கிறேன்.

மெக்கானிக் வேலை காலியானது. மனு போட்டேன். நேர்முகத்தில் லூப்பரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? நைட் ஷிப்டுக்கு வீட்டுக்காரர் விடுவாரா?" கேட்டவரும் ஒரு பெண்தான்! கடைசியில் வேலை, நான் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்த பையனுக்குப் போனது. அவனிடம் இதைக் கேட்டிருப்பார்களா?

இது வெறும் வயிற்றெரிச்சல் இல்லை. 2012-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஆய்வுக்கூட மேலாளர் வேலைக்கான ஒரே மனுவைக் கொடுத்தார்கள். சிலருக்கு ஜான் என்ற பெயரில், மற்றவர்களுக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். பெயரைத் தவிர வேறெதுவும் மாறவில்லை. ஜான்தான் திறமைசாலி என்றார்கள். சராசரியாக அவனுக்கு ஆண்டுச் சம்பளம் 30,238 டாலர், அவளுக்கு 26,508. பெண் பேராசிரியர்களும் அப்படியேதான் மதிப்பிட்டார்கள். 2017-ல் வந்த இன்னோர் ஆய்வை நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஐந்து வயதுவரை பெண்களும் மகா கெட்டிக்காரர்கள்தான் என்று நம்பும் பெண்பிள்ளைகள், ஆறு ஏழு வயதில் அந்த நம்பிக்கையைக் கைவிடத் தொடங்குகிறார்களாம். என் மகள் இப்போது ஒன்றாம் ஆண்டு படிக்கிறாள்!

புகார் கொடு என்கிறார்கள். 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. பாரபட்சம் பற்றிய தகராறைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். சரி, ஆதாரம்? அந்தப் பேராசிரியர்களை மாட்டிவிட இரண்டு பெயரில் மனு இருந்தது. என்னிடம் இருப்பது என் பெயர் போட்ட மனு ஒன்றுதான். ஆம்பளைப் பெயரில் நான் போடாத மனுவை எங்கே போய்த் தேடுவேன்?

என்னிடமும் அந்தப் பையனிடமும் கேட்ட கேள்விகளை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். எங்கள் இருவர் கையிலும் திருப்புளியைக் கொடுத்து, நின்றுபோன மெஷினைக் காட்டுங்கள். யார் முதலில் ஓட்டுகிறார்கள் என்று நின்று பாருங்கள்!