பிறப்பினால் வந்த உரிமை



கிறிஸ்துமஸ் வந்தால் நாம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குக் கேக்கும் சேலையும் எடுத்துச் செல்கிறோம். 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் மாறிற்று. நம் கேக் மாறவில்லை. அங்குள்ள பிள்ளைகள் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். ஆயினும் பலருக்கும் குடியுரிமை இல்லை. அதனால் இந்தியக் கடவுச்சீட்டும் இல்லை, அரசுப் பணியும் இல்லை. நம் வாலிபர்கள் தினமும் ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களை யாரும் தடுப்பதில்லை. முகாமின் வாலிபனோ தலைக்கணக்கு நாளில் அங்கே நின்றாக வேண்டும்.

"சட்டம் அப்படித்தானே, ஐயா" என்கிறீர்கள். சட்டத்தை வாசித்தீர்களா? 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பினாலேயே குடிமகன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு சகோதரிக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது 2022-இல். முப்பத்தாறு ஆண்டுகள் உரிமை ஏட்டில் உறங்கியது! இன்னும் கேளுங்கள்: தாய் 1984-இல் இங்கே பிறந்திருந்தால், 2004 டிசம்பர் 3-க்கு முன் இங்கே பிறந்த அவளுடைய பிள்ளையும் குடிமகனே. அதை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழும் ஒரு வழக்கறிஞரும் வேண்டும். கேக் வேண்டியதில்லை.

அதற்குப் பின் பிறந்தவர்களுக்குக் கதவு ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. 2019-இன் திருத்தச் சட்டத்தில் கிறிஸ்தவர் பெயர் உண்டென்று நம்மில் சிலர் மகிழ்ந்தனர். அதில் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் வங்கதேசமும் உண்டு, இலங்கை இல்லை. நமக்கு உறைத்ததா? 2025 மே மாதத்தில், ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், இந்தியா தர்மசத்திரம் அன்று என்று உச்சநீதிமன்றத்தில் சொல்லப்பட்டபோதும் நாம் ஜெபக்குறிப்பில்கூடச் சேர்க்கவில்லை.

எண்ணாகமம் 27-ஐத் திறவுங்கள். செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் மோசேயின் முன்பு நின்று தங்கள் பங்கைக் கேட்டார்கள். கர்த்தர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் சொல்வது நியாயம் என்றார், நியாயப்பிரமாணத்திலும் புது விதி பிறந்தது. பவுலும் சவுக்கின் முன் மௌனமாயிருக்கவில்லை. தான் பிறப்பினால் ரோமன் என்று சேனாபதிக்கே சொன்னார். உரிமையைக் கேட்பது அவிசுவாசம் என்று போதிக்கிறவர்கள் அப்போஸ்தலர் 22-ஐ எங்கே வைப்பார்களோ!

பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. கிருஷ்ணகிரியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இவ்வாண்டு சேலைக்கென்று எடுத்துவைத்த காணிக்கையைச் சான்றிதழ் நகல்களுக்கும் பயணச் செலவுக்கும் திருப்பும்படி கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். நம் சபையில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைச் சந்தியுங்கள்.