மழையில் கண்ணாடியைக் கழற்றலாமா?

பெங்களூரில் பெருமழை பெரும்பாலும் மாலையில்தான் வருகிறது. ஏப்ரல், மே மாதங்களின் இடி மழையானாலும் சரி, செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் கனமழையானாலும் சரி, பகலெல்லாம் பொறுத்திருந்துவிட்டு, ஆபீசும் ஆலையும் விடுகிற வேளை பார்த்துக் கொட்டுகிறது. பஸ்ஸில் போகிறவருக்கு அது தொல்லை. சைக்கிளில் போகிறவருக்கு ஆபத்து. அவர் மூக்குக்கண்ணாடி அணிந்தவராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் காலத்தில் சைக்கிளில் யார் போகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி. ஆலை வாசல்களில் ஷிப்ட் விட்டதும் சைக்கிள்கள் சாரி சாரியாகப் புறப்பட்ட காலம் போய்விட்டது என்பது உண்மையே. ஆனால் இரவுக் காவலுக்குப் போகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர், பீன்யாவின் சிறு பட்டறைகளுக்குப் போகிறவர் ஆகியோரில் பலருக்கு இன்றும் சைக்கிள்தான் வாகனம். அவர்களில் நம்மவர்களும் உண்டு.

பையில் போடும் பழக்கம்

மழை பிடித்தவுடன் கண்ணாடிக்காரர் செய்கிற முதல் காரியம், அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது. இது சரியா, தவறா? கண்ணாடி எதற்காக அணியப்படுகிறது என்பதைப் பொறுத்தது அது. 40 வயதுக்கு மேல் வருகிற வெள்ளெழுத்துக்காக, படிக்க மட்டும் அணிகிறவர் தாராளமாகக் கழற்றிவிடலாம். சாலையைப் பார்க்க அந்தக் கண்ணாடி வேண்டியதில்லை.

கிட்டப்பார்வை உள்ளவர் விஷயம் வேறு. மைனஸ் 2 பவர் உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் அரை மீட்டருக்கு அப்பால் எல்லாமே மங்கல்தான். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சைக்கிள் ஒரு வினாடியில் 4 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். நனைந்த ரிம்மில் பிரேக்கும் உடனே பிடிக்காது. பள்ளம் அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறபோது அவர் பள்ளத்துக்குள் இருப்பார். எனவே கண்ணாடியைக் கழற்றக் கூடாது. அதை நனையாமல் காப்பதுதான் வழி.

செலவில்லாத வழிகள்

கண்ணாடியில் ஒட்டும் ஒவ்வொரு மழைத்துளியும் ஒரு சிறு லென்ஸ்போல் வேலை செய்து, எதிரே வரும் விளக்கின் ஒளியைச் சிதறடிக்கிறது. துளியே விழாமல் தடுக்க எளிய சாதனம், கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் போடுகிற முன்பக்கம் நீண்ட கேப். தலையைச் சற்றுத் தாழ்த்தி ஓட்டினால் மழையில் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். மழைக்கோட்டின் தலைமூடியை மட்டும் போட்டால் அது கண்மேல் சரியும். அடியில் கேப் இருந்தால் சரியாது. ஒரு கையில் குடை பிடித்து ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. இரண்டு பிரேக்கில் ஒன்று அப்போது கைக்கு எட்டாது.

சிக்னலில் நிற்கும்போது கண்ணாடி பனிபிடித்தாற்போல் ஆவதற்குக் காரணம், மூச்சின் ஈரமும் உடலின் வெப்பமும். வண்டி ஓடினால் காற்றுப்பட்டுப் பெரும்பாலும் தெளிந்துவிடும். வீட்டிலேயே ஒரு சொட்டுச் சோப்புத் திரவத்தைக் கண்ணாடியில் தடவி, மெல்லிய துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டுப் புறப்பட்டால், ஈரம் துளித்துளியாகத் திரளாமல் ஓரளவு தடுக்கலாம். சட்டை நுனியால் அழுத்தித் துடைப்பது தவறு. சேற்றின் மணல் துகள் பிளாஸ்டிக் லென்ஸில் கீறல் போடும். அந்தக் கீறல் பிறகு ஒவ்வொரு இரவும் ஒளியைச் சிதறடிக்கும். தண்ணீரில் அலசி, உதறி, பாலித்தீன் பையில் நனையாமல் வைத்திருக்கும் பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பதே நல்லது.

பத்து நிமிடம் யார் கையில்?

இவ்வளவும் தூறலுக்கும் சாதாரண மழைக்கும்தான். கொட்டுகிற மழையில் கேப்பும் பயன்படாது, சோப்பும் பயன்படாது. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பக்கம் வெள்ளக்காடானதுபோல் தண்ணீர் தேங்கினால், பள்ளம் எது, சாலை எது என்று நல்ல பார்வை உள்ளவருக்கே தெரியாது. அப்போது இறங்கி ஒதுங்கி நிற்பதுதான் அறிவுடைமை. நிற்கலாம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் இரவு ஷிப்டுக்குப் போகிறவர் நிற்பாரா? பத்து நிமிடம் தாமதமானால் சம்பளத்தில் கைவைக்கிற இடத்தில் வேலை செய்கிறவர் எப்படி நிற்பார்?

மழையைச் சாக்காகச் சொல்லி எல்லோரும் தாமதமாக வருவார்கள் என்று மேலாளர்கள் அஞ்சலாம். மழை ரகசியமாகப் பெய்வதில்லை; அவர்களுடைய ஜன்னலையும்தான் நனைக்கிறது. கனமழை நாளில் மட்டும் அரை மணி நேரம் சலுகை தருவதால் எந்த ஆலையும் நொடித்துவிடாது. காவலாளிக்கு மழைக்கோட்டு தருகிறவர்கள் கூடவே ஒரு கேப்பும் தரலாம். தெருவிளக்கையும் பள்ளத்தையும் நகர நிர்வாகம் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

பத்து நிமிடம் தாமதமாக வந்தவர் அன்றைய வேலையை அன்றே முடித்துவிடுவார். பள்ளத்தில் விழுந்து கை முறிந்தவர் மாதக்கணக்கில் வேலைக்கு வர முடியாது. ஊரில் அவர் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கு அந்த மாதங்களை யார் ஈடு செய்வார்கள்? அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே இந்தச் சலுகையை எழுத்தில் கொண்டுவர முதலாளிகள் முன்வர வேண்டும். தொழிற்சங்கங்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.