திரும்ப வருமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு பூசை முடிந்து நாம் கோவில் முற்றத்திற்கு வந்தபோது, பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நமக்காகக் காத்து நின்றார். சிறுநீர்ப்பையில் தோன்றிய புற்றுக்கட்டியை அகற்றிக்கொண்டு அவர் வீடு திரும்பி ஒரு மாதமே ஆகியிருந்தது. “சாமி, கட்டியை எடுத்தாச்சுன்னு டாக்டர் சொல்றாரு. திரும்ப வருமான்னு கேட்டா மட்டும், மூணாம் மாசம் வாங்க, பார்ப்போம்கிறாரு. அவ்வளவு படிச்சவருக்கு அது தெரியாதா?” என்றார்.

நாம் மருத்துவர் அல்லோம். குருமடத்தில் பயின்ற தத்துவம் இவ்விடத்தில் உதவாது. ஆகவே, விவரம் அறிந்தவர்களைக் கேட்டும், தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை வாசகர்களுக்கும் கூறுகிறோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் சிறுநீரில் இரத்தம். அதுவும் வலியில்லாத இரத்தம். இரண்டு நாள் தோன்றும், பின்னர் தானே நின்றுவிடும். “சூடு” என்று சொல்லி மோர் குடித்துவிட்டு மறந்துவிடுகிறோம். நம் பெரியவரும் அப்படித்தான் நான்கு மாதங்களை வீணாக்கினார். இந்நோய்க்குத் தலையாய காரணம் புகைபிடித்தல். புகையின் நஞ்சு நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிகட்டப்பட்டு, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்காகத் தேங்கி அதன் உட்சுவரை அரிக்கிறது. சாயத் தொழிலாளரிடையே இந்நோய் காணப்படுவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார்.

நான்கு நோயாளரில் ஏறக்குறைய மூவருக்கு, கண்டறியப்படும்போது கட்டி உட்சுவரோடு நிற்கிறது, தசைக்குள் இறங்குவதில்லை. அதைச் சுரண்டி எடுத்துவிடலாம். ஆயினும் மீண்டும் மீண்டும் முளைப்பது இதன் இயல்பு. சிலருக்கு அது தசைக்குள்ளும் ஊடுருவும். யாருக்கு முளைக்கும், யாருக்கு ஊடுருவும்? கட்டிகளின் எண்ணிக்கை, அளவு, ஆழம், நுண்நோக்கியில் தெரியும் உயிரணுக்களின் தோற்றம் ஆகியவற்றை வைத்தே மருத்துவர்கள் கணிக்கிறார்கள். அபாயம் மிகுந்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. மருந்து செலுத்துகிறார்கள். ஆம், நம் குழந்தைகளுக்குக் காசநோயைத் தடுக்கப் போடும் அதே பி.சி.ஜி.தான்! கனடாவில் அல்வாரோ மொராலெஸ் என்பவர் இம்முறையின் பயனை 1976-இல் வெளியிட்டார்.

இக்கணிப்பைக் கூர்மையாக்க இயலுமா என்ற தேடலில்தான், ஒதுக்கப்பட்ட ஒரு பொருள் கவனத்திற்கு வந்தது. மனிதனின் மரபுநூல் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. அதில் புரதம் செய்வதற்கான குறிப்புகள் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. எஞ்சியதில் பெரும்பகுதியைக் “குப்பை” என்றே பலர் கருதினர். 1993-இல் அமெரிக்காவில் விக்டர் ஆம்புரோஸ், கேரி ருவ்குன் ஆகியோர், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் ஒரு விந்தையைக் கண்டனர். ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட ஒரு சிற்றிழை புரதம் எதையும் செய்யாமல், புரதக் குறிப்பைச் சுமந்து செல்லும் மற்றோர் ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்துகிறது. புழுவுக்கு மட்டும் உரிய வினோதம் என்றே முதலில் பலரும் எண்ணினர். இதுவே மைக்ரோ ஆர்.என்.ஏ. இதற்காக அவ்விருவரும் 2024-இல் நோபல் பரிசு பெற்றனர். 200 எழுத்துகளுக்கு மேற்பட்ட நெடிய வகைகளும் உண்டு.

புற்றணுக்களில் இவ்விழைகளின் அளவு தாறுமாறாகிறது. சில பெருகுகின்றன, சில குன்றுகின்றன. சிறுநீர்ப்பைப் புற்றில் மிகுதியாகத் தோன்றும் யு.சி.ஏ.1 என்னும் நெடிய இழையைப் பற்றிச் சீன ஆய்வாளர்கள் 2006-இல் எழுதினர். ஹோட்டேர் என்னும் மற்றோர் இழை மிகுந்திருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்று சில ஆய்வுகள் கண்டன. சிறுநீர் கட்டியின் மேலேயே தேங்கி நிற்பதால், கட்டியை வெட்டாமல் சிறுநீரிலேயே இவற்றைத் தேடலாம் என்பதே பெரிய நம்பிக்கை. வீண் கனவு என்றும் தள்ள முடியாது. புராஸ்டேட் புற்றுக்கான பி.சி.ஏ.3 என்ற இத்தகைய சிறுநீர்ச் சோதனைக்கு அமெரிக்க அரசு 2012-இல் ஒப்புதல் அளித்துள்ளது.

ஆனால் இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு கூடத்தில் அளந்தது மறு கூடத்தில் அப்படியே வருவதில்லை. பல ஆய்வுகள் சில நூறு பேரை மட்டுமே பார்த்தவை. “இவ்விழை மிகுந்தவர்களில் பலருக்கு நோய் திரும்பிற்று” என்பது கூட்டத்தைப் பற்றிய கணக்கு; முற்றத்தில் நிற்கும் ஒருவரைப் பற்றிய தீர்ப்பு அன்று. சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இவ்விழைகளை அளந்து சிகிச்சையை முடிவு செய்வது இன்னும் வழக்கமான மருத்துவத்தில் இடம்பெறவில்லை. “இரத்தச் சொட்டில் எதிர்காலம் சொல்கிறோம்” என்று எவரேனும் விளம்பரம் செய்தால், பணத்தைக் கொட்டாமல் தம் மருத்துவரை முதலில் கேட்டுக்கொள்வது நன்று.

ஆகவே, “பார்ப்போம்” என்ற அந்த மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. உள்ளதைச் சொன்னார். இதை நாம் விளக்கியபோது பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. “அப்போ குழாய் விட்டுப் பார்க்கிறதுதான் வழியா சாமி?” என்றார். இப்போதைக்கு அதுதான் என்றோம். பீடிக்கட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நம் கையிலேயே கொடுத்துவிட்டார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் நாமும் சிறிது நேரம் வைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த மாதம் அவருக்குப் பரிசோதனை. மகன் வெளியூரில் இருப்பதால், உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.