மூணு அட்டை, ஒரே மாத்திரை

ராஜபாளையத்தில் அக்கா மகள் பார்மசி படிக்கிறாள். "அமெரிக்கப் பசங்களோட எக்ஸ்சேஞ்ச் புரோகிராம், மாமா" என்று போன் வந்தது. ஊருக்குப் போகிற பிள்ளையாச்சே! ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, 2 கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு போய் நின்றேன்.

"ஐயோ மாமா, இது லேப்டாப்லயே நடக்குறது!"

பார்மசி மாணவர்களுக்கு 1949-லேயே லண்டனில் ஒரு சர்வதேச சம்மேளனம் ஆரம்பித்து, நாடு விட்டு நாடு அனுப்பிப் படிக்க வைக்கிறார்களாம். 2020-ல் கொரோனா வந்து பிளேனை நிறுத்தியதும், பல கல்லூரிகள் திரையிலேயே சந்திக்க வைத்துவிட்டன. விசா செலவு மிச்சம்.

இங்கே ராத்திரி ஏழரை, நியூயார்க்கில் காலை பத்து. இவள் 'பாராசிட்டமால்' என்கிறாள். அந்தப் பக்கம் 'அசிட்டமினோஃபென்' என்கிறார்கள். இரண்டும் ஒரே மருந்துதானாம்! ஆஸ்துமாவுக்கு நாம் இழுக்கும் சால்பியூட்டமால், அங்கே அல்பியூட்டரால்.

"பேர்ல என்னம்மா இருக்கு?" என்றேன்.

பதிலே சொல்லாமல் என் அம்மாவின் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்தாள். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, முதுகுவலிக்கு ஒன்று. மூன்று அட்டை, மூன்று பேர். மூன்றிலும் பொடி எழுத்தில் பாராசிட்டமால்!

"ஆச்சி, மூணையும் சேர்த்தா போடுறே? நல்லா இருக்கறவங்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. மீறினா ஈரல் போயிடும்."

அம்மா கப்சிப். பி.காம். படித்த நான், இத்தனை வருஷமாய் அட்டையில் விலையை மட்டும்தான் படித்திருக்கிறேன்.

பால்கோவா? அதற்கும் டோஸ் எழுதிவிட்டாள். எனக்கு ஒரு ஸ்பூன், சாப்பாட்டுக்குப் பின்!