மாறியது ஒரே ஒரு எண், சொல்லத்தான் ஆளில்லை

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. இருக்கையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் சப்போர்ட்டிலிருந்து போன். "அக்கா, கஸ்டமர் லைன்ல இருக்கார். உங்க டாக்ஸ் பக்கத்தைத்தான் வரி வரியா வாசிச்சுக் காட்டுறார்."

வாசித்தார். நான் எழுதிய வரிதான். 'டெலிட் மார்க்கரை அதன் வெர்ஷன் ஐடியைக் கொடுத்துக் கேட்டால் 404 வரும்.' அதை நம்பித் தன் பேக்கப் ஸ்கிரிப்டை எழுதியிருந்தார். கணக்கில் உள்ள ஒவ்வொரு வெர்ஷன் ஐடியாகக் கேட்டு வாங்கி வேறோர் இடத்தில் சேர்த்து வைக்கும் ஸ்கிரிப்ட் அது. 404 வந்தால் தாண்டிப் போகும். வேறு எந்தப் பிழை வந்தாலும் நின்றுவிடும். வெள்ளிக்கிழமை எங்கள் ரிலீஸ் போனது. அன்று இரவு 404 வர வேண்டிய இடத்தில் 405 வந்தது. ஸ்கிரிப்ட் நின்றது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பேக்கப் ஓடவில்லை.

"மேடம், நீங்க எழுதினதை நம்பித்தானே நான் எழுதினேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிதானமாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மாற்றம் செய்த தம்பியிடம் போனேன். "அக்கா, அமேசான் எஸ்3-ல 405தான் வரும். நாமதான் இத்தனை நாள் தப்பா 404 கொடுத்துட்டு இருந்தோம். இது பக் ஃபிக்ஸ்தானே, டாக்ஸ்ல மாத்த என்ன இருக்கு?" என்றான். கோடைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, இந்தத் தொழிலில் இத்தனை வருடமாக என் வயிற்றெரிச்சல் எல்லாம் அதில்தான்.

நாங்கள் விற்கும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் வெர்ஷனிங் என்பது என்ன என்று சொன்னால்தான் இந்த ஆதங்கம் புரியும். ஒரு பக்கெட்டில் வெர்ஷனிங்கை இயக்கிவிட்டால், அதே பெயரில் மறுபடி ஒரு ஃபைலை ஏற்றும்போது பழையது அழியாது; அடியில் போய்விடும், புதியது மேலே நிற்கும். அழி என்று சொன்னாலும் எதுவும் அழியாது. டெலிட் மார்க்கர் என்ற ஓர் அடையாளம் மேலே வந்து உட்காரும், அவ்வளவுதான். சாதாரணமாக அந்த ஃபைலைக் கேட்டால் 404, இல்லை என்று பதில் வரும். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும். வெர்ஷன் ஐடியைக் குறிப்பிட்டு அழித்தால் மட்டுமே உண்மையில் போகும். அப்படிப் போனது திரும்பாது.

நன்மை பெரிது. கைதவறி அழித்ததை மீட்டுவிடலாம். ஆனால் இது தெரியாதவருக்கு இதுவே செலவு. ஒரு ஜிபி ஃபைலைத் தினம் ஒருமுறை மாற்றி ஏற்றினால் மாதக் கடைசியில் உள்ளே இருப்பது முப்பது ஜிபி. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் முழு அளவுக்குக் காசு. "எல்லாத்தையும் அழிச்சுட்டோம், பில் மட்டும் குறையவே இல்லை, பக்கெட்டை அழிக்கப் போனா காலியா இல்லைங்குது" என்று மாதத்தில் ஒருவராவது வருகிறார். பழைய வெர்ஷன்களை இத்தனை நாளில் நீக்கு என்று லைஃப்சைக்கிள் விதி போட வேண்டும் என்பது அவர் கண்ணில் படுகிற இடத்தில் எழுதப்பட்டிருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார்.

இதைவிட ஆபத்து 'சஸ்பெண்ட்'. ஒருமுறை வெர்ஷனிங்கை இயக்கிய பக்கெட் பழைய நிலைக்குத் திரும்பவே திரும்பாது. நிறுத்தி மட்டுமே வைக்கலாம். நிறுத்திய பின் ஏற்றும் ஃபைலுக்கு 'நல்' என்ற வெர்ஷன் ஐடி கிடைக்கும். அடுத்த முறை அதே பெயரில் ஏற்றினால் அந்த நல் வெர்ஷன்மேலேயே எழுதப்படும். முன்னாலிருந்த நல் போயே போச்சு. வெர்ஷனிங்கை இயக்குவதற்கு முன்பே இருந்த ஃபைல்களுக்கும் ஐடி நல்தான் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். இடம் மிச்சம் என்று நினைத்து நிறுத்தியவர், தன்னிடம் இருந்த ஆகப் பழைய மூலப் பிரதியைத் தன் கையாலேயே அழித்துவிடலாம். இந்த ஒரு பத்தி ஆவணத்தில் இருக்கிறதா இல்லையா என்பதில் ஒருவருடைய பத்து வருடத் தரவு தொங்குகிறது.

இத்துறையில் பலரும் பின்பற்றும் அமேசான் எஸ்3 2006 மார்ச்சில் வந்தது. வெர்ஷனிங் 2010-ல் வந்தது. அதன் ஏபிஐயின் தேதிப் பெயர் இன்றும் 2006-03-01தான். அந்தப் பெயர் மாறவில்லை. நடத்தை எத்தனையோ முறை மாறிவிட்டது. 2020 டிசம்பர் வரை, ஒரு ஃபைலை மாற்றி எழுதிவிட்டு உடனே படித்தால் பழையதே வரும் வாய்ப்பு இருந்தது. அந்த மாதத்தோடு அது நின்றது. எழுதியது உடனே கிடைக்கிறது. 2023 ஜனவரியில் புதிதாக ஏறும் எல்லாமே கேட்காமலேயே குறியாக்கம் ஆகத் தொடங்கின. அதே ஆண்டு ஏப்ரலில் புதிய பக்கெட்டுகளுக்குப் பொது அணுக்கம் தானாகவே அடைபட்டது. ஏபிஐயின் பெயரைப் பார்த்து இதில் ஒன்றையாவது கண்டுபிடிக்க முடியுமா? ஆவணத்தைப் படித்தால்தான் தெரியும். பழைய பாடக் குறிப்பைப் படித்துவிட்டு, எழுதிய பிறகு சில நொடி காத்திருக்கும்படி இன்றும் கோடு எழுதுகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். பிழை அவர்களுடையது அல்ல. காலாவதியான பக்கத்தை அப்படியே விட்டு வைத்தவர்களுடையது.

'எஸ்3-க்கு இணக்கமானது' என்று ஒரே சொல்லில் பல நிறுவனங்கள் விற்கின்றன, நாங்களும் விற்கிறோம். எந்த அளவுக்கு இணக்கம் என்பதை யார் சொல்வது? கூகுளின் சேமிப்பில் வெர்ஷன் ஐடிக்கு ஜெனரேஷன் எண் என்று பெயர். அழித்தால் மார்க்கர் எதுவும் வராது, இருந்தது பழைய பிரதியாகிவிடும், அவ்வளவே. அஷூரில் வெர்ஷன் ஐடியே ஒரு நேரக் குறிப்பு. வெர்ஷனிங் என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே நடப்பது இடத்துக்கு இடம் வேறு. அந்த வேறுபாட்டை எழுத வேண்டியவளுக்கு, எங்கள் வீட்டுக்குள்ளேயே என்ன மாறியது என்று யாரும் சொல்வதில்லை.

ஸ்பிரின்ட் முடியும் அன்று மாலை 'டாக்ஸ் பெண்டிங்' என்று ஒரு டிக்கெட் வரும். என்ன மாறியது என்று அதில் இருக்காது. சில சமயம் அதுவும் வராது. அதனால் வாராவாரம் வியாழக்கிழமை நானே ஒரு சோதனை பக்கெட் திறக்கிறேன். ஏற்றுகிறேன், அழிக்கிறேன், கேட்கிறேன், வெர்ஷன் ஐடியோடு கேட்கிறேன், நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். வருகிற எண்ணையும் ஹெட்டரையும் குறித்து, ஆவணத்தோடு ஒப்பிடுகிறேன். மாறியிருப்பதை இப்படித்தான் கண்டுபிடிக்கிறேன், சொந்த வீட்டில் துப்பறிவது போல. அந்த 405 ஒரு வெள்ளிக்கிழமை போய்விட்டது. அடுத்த வியாழன் வருவதற்குள் ஒருவருடைய இரண்டு நாள் பேக்கப் போய்விட்டது.

எழுதுவதற்கு நான் சலித்ததே இல்லை. அந்தத் தம்பியும் திறமைசாலி, நல்ல பையன். ஆனால் நாம் வெளியே கொடுத்த பதிலின் மீது யாரோ ஒருவர் கோடு கட்டியிருக்கிறார். நமக்குப் பிழையாகத் தெரிந்த 404 அவருக்கு வாக்கு. அதைத் திருத்தலாம், திருத்தத்தான் வேண்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் திருத்த வேண்டும்.

கோடு எழுதும் தம்பி தங்கைகளே, கேட்பது பெரிய காரியம் இல்லை. வெளியே போகும் ஓர் எண், ஒரு ஹெட்டர், ஒரு இயல்பு நிலை மாறினால், மெர்ஜ் செய்யும் அதே இடத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: முன்பு என்ன, இனி என்ன, எந்தத் தேதியிலிருந்து. இலக்கணம் பார்க்க வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த இரண்டு வரி இல்லாமல் ரிலீஸ் போகக் கூடாது என்று மேலே இருப்பவர்கள் ஒரு விதி போடுங்கள்.

அந்தப் பக்கத்தை அன்றே திருத்திவிட்டேன். 404 இருந்த இடத்தில் இப்போது 405 இருக்கிறது, பக்கத்தில் மாறிய தேதியும் இருக்கிறது. அந்தக் கஸ்டமருக்குத்தான் அது மூன்று நாள் தாமதம்.