கிழிந்த சப்பாத்தும் கல்லூரிக் கூடைப்பந்தின் பணக் கணக்கும்

2019ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கம். எதிரணி, பக்கத்து ஊரைச் சேர்ந்த வட கரோலைனா பல்கலைக்கழகம். இரு அணிகளுக்கும் ஏழாம் பொருத்தம். முன்னாள் அதிபர் பராக் ஒபாமாவும் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டியூக்கின் 18 வயது ஆட்டக்காரர் சயன் வில்லியம்சன் சட்டென்று திரும்பியபோது அவரது இடக்கால் சப்பாத்து பிளந்தது. முழங்காலில் அடிபட்டு அவர் வெளியேறினார். அது நைக்கி நிறுவனத்தின் சப்பாத்து. மறுநாள் நைக்கியின் பங்கு விலை ஏறக்குறைய ஒரு விழுக்காடு இறங்கியது.

ஒரு மாணவரின் காலணி கிழிந்ததற்குப் பங்குச் சந்தை அசைந்தது. அன்றிரவு அரங்கில் இருக்கைகள் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தன. தொலைக்காட்சியில் விளம்பரங்கள் ஓடின. பயிற்றுநருக்கு மில்லியன் கணக்கில் சம்பளம். வில்லியம்சனுக்குக் கிடைத்தது உபகாரச் சம்பளம்: கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுக்குச் சிறு தொகை. தம் பெயரை வைத்து ஒரு விளம்பரத்தில் தோன்றிக் காசு வாங்கியிருந்தால், அன்றைய விதிப்படி அவர் ஆடும் தகுதியையே இழந்திருப்பார்.

நேரே தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். போக முடியாது. என்பிஏ எனும் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தில் சேர அமெரிக்க ஆட்டக்காரருக்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியை முடித்து ஓராண்டும் கடந்திருக்க வேண்டும். 2006 முதல் இதுதான் நடைமுறை. ஆகவே திறமை மிக்க பலர் ஒரே ஓர் ஆண்டு கல்லூரியில் ஆடிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஓர் ஆண்டைச் சுற்றித்தான் இவ்வளவு பணமும் சுழல்கிறது.

சப்பாத்து வழி வந்த பணம்

இதற்கு வழி போட்டவர் என்று சானி வக்காரோவைச் சொல்லலாம். 1970களின் பிற்பகுதியில் அவர் நைக்கிக்குக் கொண்டுபோன யோசனை எளிமையானது. மாணவருக்குப் பணம் கொடுக்க விதி இடம் தராது. பயிற்றுநருக்குக் கொடுப்பதைத் தடுக்க விதியே இல்லை. பயிற்றுநர் கையெழுத்திட்டால் அவருடைய அணி முழுவதும் அதே காலணியை அணியும். பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் காசில்லாமல் நடமாடும் விளம்பரமாகிவிடுவார்கள்.

காலப்போக்கில் ஒப்பந்தம் பயிற்றுநரிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு நகர்ந்தது. கீழ்நோக்கியும் விரிந்தது. பள்ளி விடுமுறையில் ஆடும் கோடைக்கால இளையர் அணிகளுக்கு நைக்கி, அடிடாஸ், அண்டர் ஆர்மர் ஆகிய மூன்றும் சீருடை, பயணச் செலவு, போட்டிகள் என்று செலவழிக்கத் தொடங்கின. 14, 15 வயதில் ஒரு நிறுவனத்தின் காலணியைப் போடும் பிள்ளை, அதே நிறுவனம் ஒப்பந்தம் செய்திருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போய், பிறகு அதே நிறுவனத்தின் நட்சத்திரமாக என்பிஏ அரங்கில் இறங்க வேண்டும் என்பது கணக்கு. கடைத்தொகுதிகளில் நாம் பார்க்கும், ஆட்டக்காரர் பெயர் பொறித்த காலணிகளின் விற்பனை அந்தக் கோடைக்கால அரங்குகளிலேயே தொடங்கிவிடுகிறது. இந்தச் சங்கிலியில் பல்கலைக்கழகம் நடுக்கண்ணி. அங்கே பிள்ளை நழுவிவிட்டால் அதுவரை போட்ட பணம் எதிர் நிறுவனத்துக்கு லாபம்.

2017இல் வெடித்த வழக்கை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டில் லூயிவில் பல்கலைக்கழகமும் அடிடாசும் 10 ஆண்டுக்கு 160 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தை அறிவித்தன. அடுத்த மாதமே, செப்டம்பர் 26ஆம் தேதி, நியூயார்க்கில் அரசு வழக்கறிஞர்கள் பத்துப் பேர்மீது குற்றஞ்சாட்டினர். அடிடாஸ் அதிகாரி ஜேம்ஸ் காட்டோவும் நான்கு துணைப் பயிற்றுநர்களும் அவர்களில் அடக்கம். பிரையன் போவன் என்ற இளம் ஆட்டக்காரர் லூயிவிலைத் தேர்ந்தெடுப்பதற்காக அவரது குடும்பத்துக்கு 100,000 டாலர் கொடுக்கத் திட்டமிட்டார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அதில் ஒரு பகுதிதான் கைமாறியது.

இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். 160 மில்லியனில் 100,000 என்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய தொகை மேடையில் அறிவிக்கப்பட்டது. சிறிய தொகை சிறைக்கு அனுப்பியது.

நீதிமன்றத்தில் வழக்கு நின்ற அடிப்படை இன்னும் விசித்திரமானது. பணம் பெற்றதால் போவன் ஆடும் தகுதியை இழந்துவிட்டார். அது தெரியாமல் பல்கலைக்கழகம் அவருக்கு உபகாரச் சம்பளம் கொடுக்க முன்வந்தது. ஆகவே ஏமாற்றப்பட்டது பல்கலைக்கழகம். இதுதான் அரசுத் தரப்பு வாதம். நடுவர் குழு அதை ஏற்று 2018 அக்டோபரில் காட்டோவையும் வேறு இருவரையும் மோசடிக் குற்றவாளிகளாகக் கண்டது. காட்டோவுக்கு ஒன்பது மாதம், மற்ற இருவருக்கும் தலா ஆறு மாதம் சிறை. அடிடாஸ் பணத்தால் பயனடைய இருந்த லூயிவில், சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்ட தரப்பாக நின்றது.

துணைப் பயிற்றுநர்கள் நால்வரின் கதை வேறு. தங்களை நம்பிய மாணவர்களைக் குறிப்பிட்ட முகவர்களிடமும் நிதி ஆலோசகர்களிடமும் அனுப்பிவைக்க அவர்கள் கையூட்டு வாங்கினர். பின்னர் குற்றத்தையும் ஒப்புக்கொண்டனர். அது விதி எப்படி மாறினாலும் துரோகம்தான். குடும்பத்துக்குக் கொடுத்த பணத்தையும் பயிற்றுநர் வாங்கிய கையூட்டையும் ஒரே ஊழலாகச் சேர்த்துப் பேசியதில்தான் அன்றைய செய்திகள் பலவும் தடுமாறின.

இதில் அதிகம் இழந்தவர் போவன். அமெரிக்கக் கல்லூரி அரங்கில் ஓர் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போய் சிட்னி கிங்ஸ் அணியில் சேர்ந்தார். லூயிவிலின் தலைமைப் பயிற்றுநர் ரிக் பிட்டினோ வேலையை இழந்தார். ஆனால் அவர்மீது குற்றவியல் வழக்கு இல்லை. இன்று அவர் நியூயார்க்கில் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்றுநர்.

ஆறு மாதத்தில் மாறிய விதி

காட்டோவின் மேல்முறையீடு 2021 ஜனவரியில் தள்ளுபடியானது. அதே ஆண்டு ஜூன் 21ஆம் தேதி, கல்வி தொடர்பான சலுகைகளுக்கு வரம்பு விதிக்க என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்கு உரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஜூலை 1 முதல், மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று சங்கமே விதியைத் தளர்த்தியது. பல மாநிலங்களின் சட்டங்கள் அன்றே நடப்புக்கு வரவிருந்ததால் அதற்கு வேறு வழியும் இருக்கவில்லை.

2022 ஏப்ரலில் நைஜல் பேக் என்ற ஆட்டக்காரர் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து மயாமி பல்கலைக்கழகத்துக்கு மாறினார். மயாமி அணியின் தீவிர ஆதரவாளர் ஒருவரின் நிறுவனம், ஆண்டுக்கு 400,000 டாலர் வீதம் இரண்டு ஆண்டுக்கு விளம்பர ஒப்பந்தமும் ஒரு காரும் தருவதாகச் சமூக ஊடகத்திலேயே அறிவித்தது. உடனே அதே அணியில் ஏற்கெனவே இருந்த ஐசாயா வோங்கின் முகவர், தம் ஆட்டக்காரருக்கும் கூட்டித் தராவிட்டால் அவர் வேறு இடம் பார்ப்பார் என்று பகிரங்கமாகச் சொன்னார். வோங் கடைசியில் நின்றுவிட்டார். மறு ஆண்டு அந்த அணி தேசியப் போட்டியின் இறுதி நான்கு அணிகளில் ஒன்றானது. போவன் குடும்பத்துக்கு மறைவாகப் பேசப்பட்டதைப்போல எட்டு மடங்குத் தொகை, ஐந்தாண்டு இடைவெளியில், மகிழ்ச்சிச் செய்தியாக வெளிவந்தது.

2025 ஜூலை முதல் இன்னொரு கதவும் திறந்துவிட்டது. ஒரு பெரிய வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு, ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து 20.5 மில்லியன் டாலர். அதில் பெரும்பங்கை அமெரிக்கக் காற்பந்து எடுத்துக்கொள்கிறது. வெளி நிறுவனங்களின் 600 டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களை இனி ஓர் இணையத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அது உண்மையான விளம்பர வேலையா, ஆட்டக்காரரை இழுக்கக் கொடுக்கும் விலையா என்று அங்கே ஆராய்வார்களாம். ஆட்டக்காரர் ஒருவர் காணொளியில் இரண்டு நிமிடம் தோன்றுவதன் நியாயமான விலை என்ன என்பதை யார் சொல்ல முடியும்?

மாறாத சில

பணம் வெளிச்சத்துக்கு வந்தது நல்லது. மகனின் எதிர்காலத்தைப் பணயம் வைத்து ஒரு தந்தை உறையில் பணம் வாங்கும் நிலைமை இப்போது குறைந்திருக்கிறது. ஆனால் காலணி நிறுவனங்களின் பிடி விட்டுப்போகவில்லை. 2024 ஆகஸ்டில் கூப்பர் ஃபிளாக் என்ற இளம் நட்சத்திரம் நியூ பேலன்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். அவர் சேர்ந்ததோ நைக்கியின் ஒப்பந்தத்தில் உள்ள டியூக்கில். ஆகவே விளம்பரத்தில் ஒரு நிறுவனம், அரங்கில் இன்னொரு நிறுவனத்தின் காலணி. தம் பெயர் தமக்குச் சொந்தமான பிறகும் அவருடைய கால் பல்கலைக்கழகத்தின் வாடகையில்தான் இருந்தது.

சிறிய பல்கலைக்கழகங்களின் நிலை இன்னும் மோசம். 2022இல் நியூஜெர்சியின் செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழகம் பெரிய அணிகளைத் தோற்கடித்து இறுதி எட்டு அணிகளில் ஒன்றானது. அடுத்த பருவத்துக்குள் பயிற்றுநரும் முக்கிய ஆட்டக்காரர்கள் பலரும் வேறு இடங்களுக்குப் போய்விட்டனர். 2024 முதல் மாணவர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் காத்திருப்பு இல்லாமல் பல்கலைக்கழகம் மாறலாம். பயிற்றுநர்களுக்கு என்றும் இருந்த சுதந்திரம் அது. மாணவர்களுக்கு மட்டும் மறுப்பது நியாயமில்லை. விளைவையும் மறைக்க முடியாது. 2025 தேசியப் போட்டியின் கடைசி 16 அணிகளும் பணபலம் மிக்க நான்கே குழுமங்களிலிருந்து வந்தன.

இந்தப் பணம் எட்டாத இன்னொரு கூட்டம் வெளிநாட்டு மாணவர்கள். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் குறிப்பிட்ட மணி நேரம் வேலை செய்யலாம். வெளி நிறுவனத்துக்கு விளம்பரம் செய்து சம்பாதித்தால் விசாவுக்கே ஆபத்து. 2022 ஆகஸ்டில் கென்டக்கி பல்கலைக்கழக அணி பஹாமாஸ் தீவுகளுக்குப் போனபோது, காங்கோவைச் சேர்ந்த ஆஸ்கர் செப்வே தம் விளம்பர வேலைகளை அங்கே வைத்து முடித்துக்கொண்டார். அமெரிக்க எல்லைக்கு வெளியே போனால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது. கனடாவின் சாக் ஈடி 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் சிறந்த கல்லூரி ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றவர்; அவரையும் இதே விசா விதி கட்டிப்போட்டது. மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விளையாட்டு உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா போக நினைக்கும் பிள்ளைக்கும் பெரும்பாலும் கிடைப்பது அதே விசாதான். லட்சக்கணக்கான டாலர் பற்றிய செய்திகளைப் படித்துக் கனவு காணும் பெற்றோர் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சொல் இருக்கிறது: ‘மாணவ விளையாட்டாளர்’. 1950களில் என்சிஏஏ நிர்வாக இயக்குநராக இருந்த வால்ட்டர் பயர்ஸ் காலத்தில் பிறந்த தொடர் அது. ஆட்டத்தில் காயமடைந்தவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தினரும் தொழிலாளர் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போன காலம். ஊழியர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தச் சொல்லைப் புகுத்தியதாக, பதவி விலகிய பிறகு பயர்ஸே எழுதினார். இரண்டு சொற்களை ஒட்டியதில் மூன்றாவது சொல் காணாமல்போனது.

2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி அந்த மூன்றாவது சொல்லைத் தேடிப் போனது. விளையாட்டு உபகாரச் சம்பளமே இல்லாத கல்லூரி அது. தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி அவர்களை ஊழியர் என்று ஏற்றுக்கொள்ள, தொழிற்சங்கம் அமைக்க வாக்கெடுப்பு நடந்தது: ஆதரவு 13, எதிர்ப்பு 2. கல்லூரி பேச்சுவார்த்தைக்கு வர மறுத்தது. ஆட்சி மாறினால் புதிய வாரியம் பாதகமான தீர்ப்பைத் தந்துவிடக்கூடும் என்று கருதிய சங்கம், அவ்வாண்டின் கடைசி நாளில் மனுவை மீட்டுக்கொண்டது.