இன்ஜின் மட்டும்தான் போச்சாம்!

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போனவங்க எல்லாரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீங்க. "வண்டி சூப்பர் சார், இன்ஜின் மட்டும்தான் போச்சு. மாத்திட்டீங்கன்னா புதுசு மாதிரி ஓடும்." அந்த 'மட்டும்'லதான் வில்லங்கமே இருக்கு. வீடு சூப்பர், கூரை மட்டும் இல்லைன்னு ஒருத்தர் சொன்னா சிரிப்போம். வண்டின்னு வந்தா மட்டும் பர்ஸைத் திறந்துடறோம்.

இந்தப் புலம்பலுக்குக் காரணம் எங்க சித்தப்பா. கரூர் பக்கம் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துப் பண்றார். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் அண்டா, குண்டான், அடுப்பு எல்லாம் வாடகை வண்டியிலதான் போகுது, வர்றதுல நல்ல பங்கு அதுக்கே போயிடுது. சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சத்து இருபதாயிரம் கையில இருக்கு. 2008 மாடல் மாருதி ஆம்னி ஒண்ணு நாலு வருஷமா ஒரு வேப்ப மரத்தடியில நிக்குது, விலை 60,000. இன்ஜின் 'மட்டும்' போச்சு. "நீ இன்ஜினியர்தானேப்பா, இன்ஜினைப் பத்தி நீ சொல்லு"ங்கிறார். மெக்கானிக்கல் படிச்சுட்டு சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டுறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? :-)

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இன்ஜின் போன வண்டியை வாங்கலாமா வேண்டாமாங்கிறதை இன்ஜினை வச்சு முடிவு பண்ணக்கூடாது. அந்த வண்டியில விலை ஓரளவு தெரிஞ்ச ஒரே செலவு இன்ஜின்தான். மெக்கானிக்கைக் கேட்டா ஒரு தொகை சொல்லிடுவார். ஆளைக் கவுக்குறது மத்ததெல்லாம்: பாடி, பேப்பர், இன்ஜின் செத்த காரணம், நாம எத்தனை நாள் காத்திருக்க முடியும்ங்கிறது.

மொதல்ல ஆம்னிக்கு உரிய மரியாதையைக் குடுத்துடுவோம். 1984-ல வந்த வண்டி, 2019-ல உற்பத்தியை நிறுத்திட்டாங்க. 796 சிசி, மூணு சிலிண்டர். சறுக்கிக்கிட்டுத் திறக்குற கதவு இருக்கிறதால தமிழ் சினிமாவுல ஆள் கடத்தணும்னா இதுதான். ஸ்பேர் எங்கயும் கிடைக்கும், தெருமுனை மெக்கானிக்குக்கும் அத்துப்படி. இந்த மாதிரி வண்டியில இன்ஜின் மாத்துறது ராக்கெட் விடுற வேலை இல்லை. அதனாலதான் ஆசை வருது, அதனாலதான் ஏமாறவும் செய்யறோம்.

இன்ஜின் ஓடாத வண்டியில இருக்குற பெரிய சிக்கல், அதை ஓட்டிப் பார்க்க முடியாது. மூணாவது கியர்ல போகும்போது கியர் நழுவுதா, பின்னாடி டிஃபரென்ஷியல் ஊளையிடுதா, பிரேக் ஒரு பக்கம் இழுக்குதா, எதுவும் தெரியாது. அதாவது, செத்த இன்ஜின் மத்த எல்லாக் கோளாறையும் மறைச்சு வச்சிருக்கு. விக்கிறவர் பொய் சொல்லணும்னு அவசியமே இல்லை. அவருக்கே மறந்து போயிருக்கும்.

கொலையாளி யாரு?

இன்ஜின் செத்துடுச்சு சரி, கொன்னது யாரு? ரேடியேட்டர் அடைச்சுக்கிட்டோ, ஹோஸ் கிழிஞ்சு தண்ணி ஒழுகியோ சூடேறி இருந்தா, அலுமினிய ஹெட் வளைஞ்சிருக்கும், கேஸ்கெட் போயிருக்கும், தண்ணியும் ஆயிலும் கலந்திருக்கும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்க, அடியில பால் காபி கலர்ல பிசுபிசுன்னு இருந்தா கதை அதுதான். அந்த ரேடியேட்டரை அப்படியே விட்டுட்டு வேற இன்ஜின் போட்டா அதுவும் அதே வழியில போகும். ஆயில் இல்லாம ஓட்டிச் செத்ததுன்னா கதை வேற. அது ஓட்டினவர் குணம், வண்டியோட குணம் இல்லை. காரணத்தைச் சொல்லத் தெரியாதவர்கிட்ட வாங்கினா, கொலையாளியையும் சேர்த்தே வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றோம்னு அர்த்தம்.

இன்ஜினை மாத்தலாம், பாடியை?

ஆம்னிக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது. பாடியேதான் வண்டியைத் தாங்குது. அது துரு பிடிச்சா டிங்கரிங் பண்ணி பெயின்ட் அடிச்சு மறைக்கலாம், பழைய பலம் வராது. அதனால மேட்டைத் தூக்கித் தரையைப் பாருங்க. கீழே படுத்துப் பாருங்க. ஸ்க்ரூடிரைவரால குத்தினா உள்ளே இறங்குற இடம் இருந்தா, கும்பிடு போட்டுட்டு வந்துடலாம். நாலு மழைக்காலம் மரத்தடியில நின்ன வண்டிக்கு இந்தச் சோதனைதான் முதல்ல.

பேப்பர் சிக்கல்

நிறைய பேர் கண்டுக்காம விடுறது இதைத்தான். இன்ஜினுக்கு ஒரு நம்பர் உண்டு, அது ஆர்.சி. புக்கில இருக்கு, இன்சூரன்ஸ்லயும் இருக்கு. இன்ஜின் மாறினா நம்பர் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிடுச்சு. அதனால வேற ரக இன்ஜினைத் திணிக்கிற யோசனையே வேண்டாம். அதே ரக இன்ஜின்னாலும் முன்கூட்டியே ஆர்.டி.ஓ ஆபீஸ்ல கேட்டுட்டு, புது நம்பரை ஆர்.சி.யில ஏத்தியாகணும். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்துல பழைய இன்ஜின் கிடைக்கும்தான். ஆனா பில் இல்லாத இன்ஜின் எந்தத் திருட்டு வண்டியிலேர்ந்து வந்ததுன்னு யாருக்குத் தெரியும்? விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் நம்பரை ஒப்பிடும்போது முழிக்க வேண்டியிருக்கும்.

இதுக்கு ஒரு நல்ல மாற்று இருக்கு. இருக்குற இன்ஜினையே இறக்கி, போர் பண்ணி, பிஸ்டன், ரிங், பேரிங் மாத்தி ஃபுல் வேலை பார்க்கறது. பிளாக் உடையாம இருந்தா இதுதான் என் ஓட்டு. நம்பர் மாறாது, உள்ளே என்ன போட்டோம்னும் நமக்குத் தெரியும்.

சித்தப்பா பார்த்த வண்டியில இன்னொரு கொக்கி. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான், 2008 வண்டிக்கு 2023-லயே முடிஞ்சிருக்கும். அப்ப வண்டி மரத்தடியில. புதுப்பிச்சிருக்க வாய்ப்பே இல்லை. 15 வருஷம் ஆனா நம்ம ஊர்லயும் கண்டிப்பா உடைக்கணும்னு சிலர் சொல்றாங்க, அது தப்பு. டெல்லி நிலவரம் வேற, இங்க பரிசோதனைக்குக் காட்டி அஞ்சஞ்சு வருஷமாப் புதுப்பிக்கலாம். ஆனா 2022 ஏப்ரல்லேர்ந்து காருக்கு அந்தக் கட்டணம் 600-லேர்ந்து 5,000 ஆயிடுச்சு. 20 வருஷம் தாண்டினா 10,000-ன்னு 2025 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க. தாமதக் கட்டணம், பசுமை வரி எல்லாம் தனி.

இப்ப பாருங்க: பரிசோதனைக்குக் காட்ட வண்டி ஓடணும். ஓட இன்ஜின் வேணும். அதுக்கு மொதல்ல காசைக் கொட்டணும். கொட்டின பிறகு பரிசோதனையில தேறலைன்னா? எங்க தொழில்ல இதுக்கு டெட்லாக்னு பேரு.

கணக்கு

எங்க பக்கம் விசாரிச்ச தோராயமான தொகை இது, உங்க ஊர்ல மாறும்:

இன்ஜின் வேலை - 35,000
கிளட்ச், ஹோஸ், மவுன்ட், ஆயில், கூலி - 12,000
நாலு வருஷம் நின்னதால டயர், பேட்டரி - 14,000
கட்டி இழுத்துட்டு வர - 2,000
ஆர்.டி.ஓ செலவு, இன்சூரன்ஸ் - 15,000

மொத்தம் 78,000. வண்டி விலை 60,000 சேர்த்தா 1,38,000. பேப்பர் சரியா இருந்து, ஓடிக்கிட்டிருக்குற அதே வருஷத்து ஆம்னி 1,20,000-க்குக் கிடைக்குது!

அப்ப எவ்வளவு குடுக்கலாம்? ஓடுற வண்டி விலையிலேர்ந்து தெரிஞ்ச செலவைக் கழிங்க, 42,000. கண்ணுக்குத் தெரியாத கோளாறுக்கு ஒரு 15,000 கழிங்க, 27,000. அவ்வளவுதான். இரும்பு விலைக்குக் கேக்குறியான்னு அவர் கோபப்படுவார். படட்டும். ஓட்டிப் பார்க்க முடியாத வண்டிக்கு அதுதான் நியாயமான விலை.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வார்த்தை. ஓடுற வண்டின்னு வாங்குறதோட இன்ஜின் அடுத்த மாசமே போகாதுன்னு என்ன நிச்சயம்னு கேக்கறாங்க. நியாயமான கேள்வி. கெட்டி ஆயிலை ஊத்தி, புகையை அடக்கி விக்கிற ஆளுங்க உண்டு. ஒரே ஓனர், பாடி தங்கம், செத்த காரணம் தெரியும், பேப்பர் உயிரோட இருக்கு, விலையும் படிஞ்சுதுன்னா இன்ஜின் போன வண்டியே மேல்னு நானும் ஒத்துக்கறேன். ஆனா இந்த அஞ்சும் சேரணும். நாலு சேர்ந்தா போதாது.

அப்புறம் அந்த நாள் கணக்கு. ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கா வண்டி நோண்டுறவருக்கு ஒர்க்‌ஷாப்ல மூணு மாசம் நின்னா ஒண்ணும் குடி முழுகாது. சித்தப்பாவுக்கு அப்படி இல்லை. லேத்துல வேலை முடியலை, பார்ட்ஸ் வரலைன்னு தை மாசம் தாண்டிடுச்சுன்னா, அத்தனை முகூர்த்தத்துக்கும் மறுபடி வாடகை வண்டி, கையில இருந்த சீட்டுப் பணமும் காலி. கையில இருக்குற மொத்தப் பணத்தையும் போடுறவர், நாளைக்கே ஓட வேண்டிய வண்டியைத்தான் வாங்கணும். மலிவு வண்டி காத்திருக்க முடிஞ்சவங்களுக்குத்தான் மலிவு.

அதனால நான் சித்தப்பாகிட்ட சொன்னது: "60,000-க்கு வேண்டாம். 27,000-க்குத் தந்தாலும் முகூர்த்த சீசன் முடிஞ்சப்புறம் பார்ப்போம். இப்ப ஓடுற வண்டியா, நல்ல மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க." அரை மனசாத்தான் தலையாட்டினார். வேப்ப மரத்தடி வண்டி மேல இன்னும் ஒரு கண்ணு இருக்கு. :-)

பி.கு: "மாருதி 800 இன்ஜினைத் தூக்கி ஆம்னியில வச்சுடலாம், ரெண்டும் ஒண்ணுதான்"னு சொல்றவங்க இருக்காங்க. ரெண்டும் 796 சிசிதான். ஆனா 800-ல இன்ஜின் குறுக்குவாட்டுல உக்காந்து முன் சக்கரத்தை ஓட்டுது, ஆம்னியில முன் சீட்டுக்கு அடியில நீளவாக்குல உக்காந்து பின் சக்கரத்தை ஓட்டுது. அப்படியே தூக்கி வச்சா பொருந்தாது. எம்.பி.எஃப்.ஐ வண்டிக்குக் கார்புரேட்டர் இன்ஜின் தேடுறதும் அதே மாதிரி வீண் வேலை. உஷார்.